மனைமரமும் அரசின் இசைவும்

நிலத்தை உடையவன் அந்நிலத்தின்மேல் நிற்கும் மரத்தையும் உடையவன் என்பது இன்று பலரும் ஆராயாது கொள்ளும் கருத்தாகும். ஆதலின், தன் மனையில் தான் நட்டு நீர் வார்த்து வளர்த்த மரத்தை வெட்டுதற்கு அரசின் இசைவு வேண்டும் எனச் சட்டம் கூறுமிடத்து, 'இஃது என்ன புதுமை?' என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவிற்கு விடை கூறப் புகுவோர் இரு திறத்தினர். இவ்வழக்கம் அயலார் ஆட்சி விட்டுச் சென்ற எச்சம், பண்டைத் தமிழகம் அறியாதது என்பர் ஒரு சாரார். காவல்மரம் போற்றிய தமிழர் மரம் வெட்டுதலைப் பண்டே விலக்கினர், இன்றைய சட்டம் அவர்தம் கொள்கையின் மறுபிறப்பே என்பர் மற்றொரு சாரார். இலக்கியச் சான்றும் சாசனச் சான்றும் இவ்விரண்டனுள் எதற்கும் முழுதும் துணை நில்லா. மண்ணுரிமையின் வேறாய ஒரு மரவுரிமை தமிழகத்தில் நெடுங்காலமாக உண்டு. ஆயின், அதுபற்றி எழுந்த சாசன விதிகள் நடுதலையும் ஏறுதலையும் நோக்கியனவேயன்றி வெட்டுதலை நோக்கியன அல்ல. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

'மனைமரம்' என்னும் சொல் பழமையானது. குறுந்தொகை 19ஆம் பாட்டில் பரணர் அதனை ஆள்கின்றார். ஆண்டு அது மௌவற்கொடி படர்ந்த மரமாகத் தலைவியின் கூந்தல் மணத்திற்கு உவமை கூறுமிடத்து வருகின்றது. மனையோடு ஒட்டிய மரத்திற்கெனத் தனிப்பெயர் ஒன்று அமைந்திருந்தது என்பதே நமக்கு வேண்டுவது. மரத்தை உறவாகக் கொண்ட நெஞ்சமும் அக்காலத்ததே. நற்றிணை 172ஆம் பாட்டில், மகளிர் விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்த காயினின்று முளைத்த புன்னை, நெய்யும் பாலும் பெய்து வளர்க்கப்பட்டு அவர்களுக்குத் தமக்கையாகவே தாயால் சுட்டப்படுகின்றது. அதன் நிழலில் தலைவனோடு நகையாடத் தோழி நாணுகின்றாள். மருந்து கொள்ளும்போதும் மரம் சாகும்படி கொள்ளார் மாந்தர் என்னும் கருத்தைக் கணிபுன்குன்றனார் நற்றிணை 226ஆம் பாட்டில் வைக்கின்றார். இவை நெஞ்சின் விதிகள். மீறினார்க்கு ஒறுப்பு இன்னதென அவை கூறா. ஆகவே, இவற்றை அரச விதிகளாகக் காட்டுதல் பொருந்தாது.

ஒறுப்புடைய விதி காவல்மரத்தின்கண் காணப்படுகின்றது. நன்னனது காவல்மாவின் காய் ஆற்றில் மிதந்து வர, அதனை எடுத்து உண்ட பெண்ணொருத்தியை அவன் கொல்வித்தான். எண்பத்தொரு களிறுகளும் அவள் எடைக்கு எடை பொன்னாற் செய்த பாவையும் தருவதாக அவளைச் சார்ந்தோர் கூறியும் அவன் இசைந்திலன். இச்செய்தி குறுந்தொகை 292ஆம் பாட்டால் அறியப்படுவது. இஃது அளவிறந்த கொடுமையாகவே புலவரால் பழிக்கப்பட்டது. போற்றத்தக்க மரக்காப்பு முறையாக அன்று. பின்னர்க் கோசர் அம்மாவை வீழ்த்தினர் என்பது அந்நூலின் 73ஆம் பாட்டால் விளங்கும். ஆண்டுப் பரணர் வெட்டுதலைக் குறித்தாளும் வினை 'கொல்லுதல்' என்பதாகும். மரம் சாகும், மரம் கொல்லப்படும் என்பன சங்கப் புலவர்க்கு இயல்பான வழக்குகள். பிற்காலச் சாசனங்களில் மரத்தின்மேல் வரும் வினைகள் வேறு என்பதைக் காட்டவேண்டியே இதனை ஈண்டு விதந்து கூறினேன்.

இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் பகைவரது கடம்பினை வெட்டி முரசு செய்துகொண்டான். செங்குட்டுவன் பழையனது வேம்பினைத் துணித்து, மகளிர் கூந்தலால் திரித்த கயிற்றைக் கொண்டு யானைகளைப் பூட்டி ஈர்ப்பித்தான் எனப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகம் கூறும். பகைவனது கடிமரத்தை வீழ்த்துதல் அவனது கொடியைக் கைப்பற்றுதல் போன்ற போர்ச்செயல் என்பது தெளிவு. இவற்றுள் மனைக்கிழவன் தன் முன்றிலில் நின்ற பலாவை என் செய்யலாம், என் செய்யலாகாது என்பதற்கு யாதொரு குறிப்பும் இல்லை.

இவ்வகைச் சான்றுகளுள் தனித்து நிற்பது புறநானூற்று 57ஆம் பாட்டு ஒன்றே. இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைக் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் பாடுமிடத்து, பகைவர் வயலை நின் மறவர் கொள்ளையிடினும் இடுக, அவர் ஊரை எரியூட்டினும் ஊட்டுக, அவர்தம் கடிமரத்தை வெட்டுதலை மட்டும் ஒழிக என்கின்றார். இதனை மரநேயத்துக்குச் சான்றாகக் காட்டுவோர், அடுத்து அவர் கூறும் காரணத்தை விடுத்துவிடுகின்றனர். அம்மரங்கள் நின் யானையைக் கட்டுதற்குரிய தறியாகும் வலிமை உடையன அல்ல என்பதே அக்காரணம். மன்னனது படைப்பெருமையை உயர்த்துமாற்றான், ஒரு நாட்டின் உயிர்க்குறியைக் காத்துவிடப் புலவர் முயல்கின்றார் என்று யான் கருதுகின்றேன். எவ்வாறாயினும், விலக்கு ஈண்டு வேண்டுகோள் வடிவில் வருகின்றதேயன்றி ஆணை வடிவில் வரவில்லை.

ஆணை வடிவில் மரத்தைக் காண விழைவார் செப்பேடுகளுக்குச் செல்லல் வேண்டும். கடாரத்தரசன் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலத்தை வழங்கிய செய்தியைக் கூறும் செப்பேடு, நெதர்லாந்து நாட்டு இலெய்டன் நகரில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தமையின் அப்பெயராலேயே அறிஞரிடை வழங்கலாயிற்று. முதலாம் இராசேந்திரனது 6ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த திருவாலங்காட்டுச் செப்பேடு பழையனூரை அவ்வூர் இறைவர்க்கு உரிமையாக்கியது. இவையனைய கொடைகளில் எல்லை கூறி முடித்தபின், ஊரைப் பெற்றவர் இன்னின்ன செய்யப் பெறுவர் என ஒரு வரிசை வரும். சுட்ட ஓட்டினால் மாடமாளிகை எடுத்தல், துரவும் கிணறும் தோண்டுதல், காவும் தெங்கும் இடுதல், தமனகமும் மருவும் இருவேலியும் செங்கழுநீரும் நடுதல், பெருஞ்செக்கு நாட்டுதல் என்பன அவ்வரிசையில் வருவன. இறுதியில், அவ்வூர்த் தெங்கையும் பனையையும் ஈழவர் ஏறப் பெறார் என ஒரு விலக்கும் காணப்படும்.

இவ்விடத்து 'பெறுதல்' என்னும் துணைவினையின் பொருளை ஊன்றி நோக்குதல் வேண்டும். 'செய்யப் பெறுவர்' என்பது 'செய்தற்கு உரிமை அல்லது இசைவு உடையர்' எனப் பொருள்படும். 'செய்யப் பெறார்' என்பது அவ்வுரிமையின்மையைக் குறிக்கும். இன்று நாம் 'அனுமதி' என வடசொல்லால் கூறுவதனையே சாசனத் தமிழ் இவ்வொரு துணைவினையால் உணர்த்திற்று. சிறப்பாகக் கூறி வழங்கப்பட்டது எதுவோ அது பொதுவில் இல்லாதிருந்தது என்பது சாசனங்களைப் படிக்கும் முறை. அம்முறையான் நோக்கின், இத்தகைய சிறப்புரிமை பெறாத ஊர்களில் மாளிகை எடுத்தலும் கிணறு தோண்டுதலும் தென்னந்தோப்பு வைத்தலும் தத்தம் விருப்பின்படி செய்யத்தக்கனவாக இருந்தில என்பது போதரும். பல்லவர் செப்பேடுகளில் செங்கொடிக்காணம், குவளைக்காணம் எனச் செடிகொடிகளின் பேரால் வரும் இறைகளும் இதற்கு அரண் செய்கின்றன. நடுதற்கே இசைவும் இறையும் வேண்டியிருந்தன.

நடுதலை ஏன் கட்டுப்படுத்தினர்? நெல் விளையும் நிலத்தை அளந்து இறை விதித்த அரசுக்கு, வயல் தோப்பாக மாறுதல் வருவாய்க் கணக்கை மாற்றுவதாகும் என்பது ஒரு காரணமாகலாம். தமனகமும் செங்கழுநீரும் நடுதற்கு அக்காரணம் அத்துணைப் பொருந்தாது. நறுமலர்த் தோட்டமும் சுட்ட ஓட்டு மாளிகையும் தகுதியின் அடையாளங்கள். அவற்றை யார் கொள்ளலாம் என்பதை அரசே வரையறுத்தது எனக் கோடலே அமைதியுடையது.

ஈழவர் ஏறப் பெறாமை பற்றி அறிஞரிடை ஒத்த கருத்து இல்லை. ஒரு குலத்தாரை இழிவு கருதி விலக்கிய விதியாக இதனைக் கொள்வாரும், மரத்தைக் காத்தற்கு எழுந்த விதியாகக் கொள்வாரும் உளர். கள்ளிறக்குதல் தொடர்பாக ஈழம்பூட்சி என்னும் இறை பல்லவர் காலந்தொட்டுச் சாசனங்களிற் பேசப்படுகின்றமையை இவ்விருவரும் நினைத்தல் வேண்டும். மரமேறுவாரிடத்து இறை கொள்ளும் உரிமை அரசினது. அவ்வுரிமையின் பேரால் பிறர் ஊருட்புகுந்து மரமேறுதலைத் தடுத்து, தெங்கின் காயும் பனையின் பயனும் முழுதும் கொடை பெற்றவர்க்கே ஆகச் செய்தலே இவ்விலக்கின் கருத்து என்பது என் துணிபு. கொடை பெற்ற பள்ளிக்கும் கோயிலுக்கும் கள் ஆகாது என்னும் எண்ணமும் உடன் இருந்திருக்கலாம். எங்ஙனமாயினும், மரத்தை வெட்டலாகாது என்று இச்செப்பேடுகள் கூறவில்லை. மரம் ஏறப்படும் பொருள், பயன் தரும் பொருள். அது சாதலைப் பற்றிச் செப்பேடு எழுதினோர் கவலை கொண்டிலர்.

விலை ஆவணங்களிலும் கொடை ஆவணங்களிலும் 'மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்' என ஒரு தொடர் பயில வருதலைச் சாசனம் பயில்வார் அறிவர். ஓசையின்பம் கருதி அமைத்த அடுக்கு என இதனைத் தள்ளிவிடுதல் எளிது, ஆனால் தவறு. மண்ணை விற்றால் மரமும் உடன்செல்லும் என்பது ஐயமற்றதாயின் அதனைத் தனியே எழுத வேண்டுவதில்லை. எழுதாவிடின் வழக்கு எழும் என்பதனாலேயே எழுதினர். சில ஆண்டுகளுக்கு முன், முதுகலை மாணவர் ஒருவர் தம் பாட்டனார் காலத்துக் கிரயப் பத்திரம் ஒன்றைக் கொணர்ந்து, 'ஜல தரு பாஷாணம்' என்பதன் பொருள் யாதென வினவினார். நீரும் மரமும் கல்லும் என்றேன். 'வீட்டை வாங்குபவர் மரத்தையும் வாங்கியதாக எழுதவேண்டுமா, ஐயா?' என்றார். அம்மாணவரது வியப்பே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. மாவடை மரவடை என்னும் சொற்களும் அவ்வாறே இன்றுவரை பத்திரங்களில் வாழ்கின்றன.

மண்ணும் மரமும் வெவ்வேறு உடைமைகளாகலாம் என்பதற்கு இன்றும் நேர்ச்சான்று உண்டு. தமிழ்நாட்டு வருவாய்த்துறை வழக்கில் '2சி பட்டா' எனப்படுவது, அரசுப் புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பயனை ஒருவர் துய்த்தற்குரிய பட்டா ஆகும். மரம் அவருக்கு, மண் அரசுக்கு. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமையும் இப்பகுப்பை நன்கறியும். நிலம் ஒருவனதாக, நட்டவன் மற்றொருவன் ஆயின் விளையும் பயனை எங்ஙனம் பகுப்பது என்பதற்கும், அயலவன் வளவினுள் சாய்ந்த மரத்தின் பயன் யாருக்கு என்பதற்கும் அது விதி கூறும். அங்கும் பேச்சுப் பயனைப் பற்றியதே.

உத்தரமேரூர்க் கல்வெட்டை ஈண்டு நினைவார் சிலர் இருப்பர். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகட்குரிய அக்கல்வெட்டுகளால் தோட்ட வாரியம் என ஒரு குழு இருந்தமை அறியப்படுகின்றது. அதற்குப் பன்னிருவர் குடவோலையால் எடுக்கப்பட்டனர். இதனைக் கொண்டு, பண்டே ஊர்தோறும் மரக்காப்புக் குழு இருந்தது என மேடைகளிற் கூறக் கேட்கின்றோம். அக்கல்வெட்டுகள் குழுவினரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் அவர்தம் தகுதிகளையும் விரிவாகக் கூறுகின்றன. மனைமரம் வெட்டுவார் அக்குழுவின் இசைவு பெறல் வேண்டும் என்பதற்கு அவற்றில் ஒரு சொல்லும் இல்லை. இல்லாததைப் படித்தல் பெருமையாகாது. வடமொழி அர்த்தசாத்திரமோ நகரப் பூங்காக்களில் பூவும் கனியும் நிழலும் தரும் மரங்களின் தளிரைக் கொய்தார்க்கு ஆறு பணம், சிறு கிளையை வெட்டினார்க்குப் பன்னிரண்டு, பெருங்கிளைக்கு இருபத்துநான்கு என ஒறுப்பினை அடுக்கிச் செல்லும். அந்நூலின் நோக்கு வேறு. நம் செப்பேடுகளின் நோக்கு வேறு.

அங்ஙனமாயின், தன் நிலத்து மரத்தை வெட்டுதற்கு இசைவு கேட்கும் வழக்கம் தென்னாட்டில் எங்கிருந்து தோன்றிற்று? அதன் முதற்றோற்றம் மரத்தின்பாற் கொண்ட இரக்கமன்று. மரத்தின் விலையே ஆகும். திப்புசுல்தான் 1792இல் மைசூர் நாட்டில் சந்தனத்தை அரசமரமாக அறிவித்தான். ஈண்டு 'அரசமரம்' என்றது அரசுக்குரிய மரம் என்னும் பொருளது. யாருடைய நிலத்தில் முளைப்பினும் சந்தனம் அரசுடையது. மலையாளக் கரையில் கிழக்கிந்தியக் குழுவினர் கப்பல் கட்டுதற்குத் தேக்கு வேண்டி, 1806இல் வாட்சன் என்பாரைக் காட்டுக் காவலராக அமர்த்தித் தேக்கின்மீது தனியுரிமை கொண்டாடினர். தம் காட்டில் நின்ற தேக்கைத் தாமே வெட்ட இயலாமை கண்டு நிலக்கிழார் குமுறினர். சென்னை ஆளுநர் தாமசு மன்றோ காலத்தில், 1823இல், அப்பதவியும் தனியுரிமையும் நீக்கப்பட்டன. சந்தனம் மட்டும் பட்டா நிலத்தில் நின்றபோதும் அரசின் கைவிட்டுப் போகாது நெடுங்காலம் நின்றது. தமிழ்நாட்டில் பட்டா நிலச் சந்தன மரங்களுக்கெனத் தனி விதிகள் 2008இல் வகுக்கப்பட்டன. இவையெல்லாம் செப்பேட்டுக் காலத்து ஈழம்பூட்சியின் வழிவந்தன என்று கூறினும் இழுக்காகாது. அரசு தன் பங்கைக் காத்துக்கொண்டது, அவ்வளவே.

அடுத்து உணவு காரணமாயிற்று. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ்க் குறிக்கப்பட்ட மரங்களைத் தன் வளவிலேயே நின்றாலும் உரிமப் பத்திரம் இன்றி ஒருவர் வெட்டுதல் கூடாது. அவ்வாறு குறிக்கப்பட்டவற்றுள் பலா, ஈரப்பலா, பெண்பனை என்னும் மூன்றும் நம் கருத்தைக் கவர்வன. மூன்றும் மக்களுக்கு உணவாவன. பனையில் பெண்பனை மட்டும் காக்கப்பட்டு ஆண்பனை விடப்பட்டமை நோக்கத்தக்கது; காய்க்கும் மரத்திற்கே காப்பு. திருவோத்தூரில் அடியார் ஒருவர் நட்ட பனைகளெல்லாம் ஆண்பனைகளாகிக் காயாதொழிய, அது கண்டு பிறர் எள்ள, ஞானசம்பந்தர் பாடி அவற்றைக் குலை ஈனும் பெண்பனைகளாக்கினார் என்னும் வரலாறு பெரியபுராணம் கற்றார் அறிந்தது. பனையின் மதிப்பு அதன் பயனில் உள்ளது என்னும் எண்ணம் அவ்வரலாற்றிலும் இச்சட்டத்திலும் ஒன்றே. மரம் வெட்டுதலை யாழ்ப்பாணத்தார் இன்றும் 'தறித்தல்' என்னும் பழஞ்சொல்லால் வழங்குகின்றனர் என்பதையும் இடையே குறித்துச் செல்கின்றேன்.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அளிக்கப்பட்ட வேளாண்மை நிதிநிலை அறிக்கை, பனையை வெட்டுதற்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என அறிவித்தது. ஆண்பனை, பெண்பனை என்னும் வேறுபாடு அதன்கண் இல்லை. தொல்காப்பிய மரபியலின்படி பனை புறக்காழ் உடையதாகலின் 'புல்' ஆகும். அகக்காழ் உடையதே 'மரம்'. இலக்கணத்தார் புல் என ஒதுக்கியது மரங்காக்கும் ஆணைகளில் முன்னிற்பது சுவையானதே. ஆயினும், செப்பேடுகள் தெங்கையும் பனையையும் ஏறப்படும் மரமாக ஒருங்கே வைத்து எண்ணியமையால், ஆட்சி வழக்கு இலக்கண வழக்கோடு மாறுபடுதல் இன்று நேர்ந்ததன்று எனக் கொள்க.

உண்மையான மாற்றம் 1955இல் நிகழ்ந்தது என்பது என் கருத்து. அவ்வாண்டு சென்னை மாநிலச் சட்டமன்றம் மலைப்பகுதி மரங்களைக் காக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. நீலகிரி, கொடைக்கானல் முதலாய மலைப்பகுதிகளில் தனியார் நிலத்து மரத்தையும் இதற்கென அமைந்த குழுவின் இசைவின்றி வெட்டுதலை அது தடுக்கின்றது. மரம் போயின் மலைமண் மழையில் அரிபட்டுச் சரியும். சரிந்தால் கீழுள்ளார் நிலமும் நீரும் கெடும். இச்சட்டத்தின் முன் சந்தனமும் தேக்கும் பலாவும் போல மரத்தின் பெயரை நோக்கிய விதிகள் பல உண்டு. இதுவோ காய்க்கும் மரமா, விலைபோகும் மரமா என வினவாது, மலைச்சரிவில் நிற்றல் ஒன்றையே நோக்குகின்றது. மரம் தன் காயால் அன்றித் தன் வேரால் மதிப்புப் பெற்றது ஈண்டேயாம். ஏறுவார்க்கும் கொய்வார்க்கும் மட்டுமே உரியதாகச் செப்பேட்டார் கண்ட பயன், மரத்தை ஒருநாளும் காணாத சமவெளி உழவனுக்கும் உரியதாக விரிந்தது. மனைக்கிழவனது உரிமையின் எல்லையும் அந்த அளவிற்குச் சுருங்கிற்று.

பின்னர் 1975இல் மகாராட்டிரமும் 1976இல் கருநாடகமும் 1994இல் தில்லியும் நகர வீட்டு முற்றங்களின் மரங்களையும் அடக்கும் பொதுச் சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பட்டா நிலத்து ஈட்டி மரத்திற்கு இசைவு பெறவேண்டும் என விதித்தது. அது மீண்டும் மரத்தின் பெயரையும் விலையையும் நோக்கிய பழைய வழியில் செல்வது.

ஆவணமொழி இம்மாற்றத்தை இன்னும் முழுதும் ஏற்கவில்லை. மலைநாட்டு மனையொன்றை இன்று விற்பவரும் 'ஜல தரு பாஷாணம்' உட்பட விற்பதாகவே பத்திரம் எழுதலாம். அத்தருவின் காயும் சருகும் நிழலும் வாங்கினார்க்கு உரியனவாகும். அதனை வீழ்த்தும் உரிமை விற்றவரிடத்தும் இருந்ததன்று; ஆகவே அது விற்கப்படவும் இல்லை. அதனை வேண்டுவார் குழுவிற்கு விண்ணப்பித்தே பெறுதல் வேண்டும். அங்குக் குழு இசைவது மரம் ஏறுதற்கன்று. பரணர் 'கொல்லுதல்' எனச் சுட்டிய அச்செயலுக்கே.